பொங்கல் அட்டையின் பின்பக்கம்

மதுரையிலிருந்து ராஜபாளையம் திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, ஒரு பழைய பேப்பர் கடையில் பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தேடுகிறேன். ஒன்று கிடைக்கிறது. கரும்பு, பானை, இரண்டு கிளிகள். நிறம் மங்கவே இல்லை. இத்தனை வருடம் சேர்த்ததில் இப்படியொன்று என்னிடம் இல்லை. திருப்பினால், ‘அம்மா இறந்துவிட்டாள், உடனே வரவும்’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. அவசரத்துக்கு வேறு அட்டை அகப்படவில்லை போலும்.

கடைக்கார அம்மாவிடம் படித்துக் காட்டுகிறேன்.

“சாவுச் சேதியைப் படிச்சதும் கிழிச்சுப் போடணும்லா? எந்தக் கூறுகெட்டவுக வச்சிருந்தாவளோ.”

“வீட்டுக்காரி எட்டு மாசம் முழுகாம இருக்கா, அக்கா. கொண்டு போலாமா?”

“மூலையைக் கிழிச்சுட்டுக் கொண்டு போங்க. ஒண்ணும் செய்யாது.”

“கிழிஞ்ச அட்டைய எவனும் மதிக்க மாட்டானே.”

“அப்ப வச்சிட்டுப் போங்க. பொண்டாட்டி பெருசா, கிளி பெருசா?”

ராஜபாளையம் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. கிழிக்கிறேன். ஒரு கிளியின் வால் விரலோடு வந்துவிடுகிறது. அப்படியும் அட்டையைப் பைக்குள், அவளுக்கு வாங்கிய வளையல்களோடு வைக்கப் பயமாக இருக்கிறது. கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறேன்.