கொழுந்து மலையில் ஒரு பரீட்சை

அக்கரப்பத்தனையில் நான் தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்தில், மனநோய்க்கு வைத்தியம் பார்க்கப் படிக்கும் ஓர் அம்மா தோட்டத்துக்கு வந்தார். ஒல்லி உருவம், தடித்த கண்ணாடி. நாங்கள் பேசப் பேச, காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டே இருப்பார்.

"டாக்டரம்மா" என்று கூப்பிட்டால், "இன்னும் ஆகலைங்க அக்கா" என்பார். "ஏழு வருஷம் படிச்சாச்சு. ஆஸ்பத்திரியில ஒரு வருஷம் நோயாளிங்களோட இருந்தாச்சு. இப்ப உங்க கவலையப் பத்திப் புத்தகம் எழுதுறேன். கடைசில அதப் பத்தி அஞ்சு பேராசிரியருங்க கேக்குறதுக்கு நின்னு பதில் சொல்லணும். நெனச்சாலே பயமா இருக்கு."

"நாங்க தெனம் கங்காணிக்குப் பதில் சொல்றோம். அஞ்சு பேருக்கா பயம்? வாங்க, நாங்க கேக்குறோம்" என்றேன்.

தேத்தண்ணி நேரத்தில் அவரை நிற்கவைத்து, ஐந்து பேர் கூடைகளோடு வரிசையாக உட்கார்ந்தோம். கேட்டதற்கெல்லாம் டக்கென்று பதில் சொன்னார். கடைசியாக நான் கேட்டேன்: "நாங்க அழுததெல்லாம் எழுதினீங்க. சிரிச்சத எழுதினீங்களா?"

நோட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்திலும் இல்லை.

"போச்சு, பெயிலு!" என்று கைதட்டினோம். எங்களைவிட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். பிறகு என் கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து, பென்சிலை எடுத்து, "மொதல்ல இருந்து சொல்லுங்க அக்கா" என்றார்.

அந்த ஐந்து பேராசிரியர்கள் என்ன கேட்டார்களோ, எனக்குத் தெரியாது. எங்களைவிடக் கடினமாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.