குப்பைக் குழி மரவள்ளி

இலங்கையில் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருதயம்மாவுக்கு வாசல்கூட்டி வேலை. தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலைப் பெருக்கி, சாக்கடைக் கானைக் கழுவி, அத்தனை வீட்டு அழுக்கையும் கூடையில் சுமந்துபோய்க் கொட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாரும் அவளோடு முழந்தாளிட்டுத்தான் நற்கருணை வாங்கினார்கள். அவள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடிக்க மட்டும் ஒருவருக்கும் வாய் திறக்காது. ஆண்டவர் பந்தியில் இல்லாத தீட்டு இருதயம்மாவின் அடுப்பில் இருந்ததாம்.

அவளுக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. லயத்தார் ஒருவராவது தன் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். நடக்கிற காரியமா அது?

அள்ளிய அழுக்கை அவள் தூரத்தில் கொட்டவில்லை. வீட்டுப் பின்னால் குழி வெட்டி ஆட்டுப் புழுக்கை, அடுப்புச் சாம்பல், தேயிலைச் சக்கை, கான் சேறு எல்லாவற்றையும் போட்டுப் புல்லால் மூடி மக்கவிட்டாள். அதில் மரவள்ளி நட்டாள். மரவள்ளித் தண்டில் அவரைக்கொடி ஏறியது. அடியில் பூசணி படர்ந்து மண்ணைக் காயவிடாமல் காத்தது. கான் தண்ணீர் வாழைக்குப் போனது.

பிலிப்பு கங்காணி அந்தப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அவர் முறையே வேறு. தேயிலைக்குப் போடும் உரத்தை ஸ்டோரிலிருந்து கமுக்கமாகத் தூக்கிவந்து தன் மரவள்ளிக்கு அள்ளி அள்ளிப் போட்டார். செடி கூரைக்கு மேல் தழைத்தது. கங்காணி மீசையை முறுக்கினார்.

எழுபத்து நாலாம் வருஷப் பஞ்சத்தில் அரிசியும் மாவும் கண்ணில் படாமல் போயின. கங்காணி செடியைப் பிடுங்கினார். உரமெல்லாம் இலைக்கே போய், அடியில் எலிவால் மாதிரி வேர்கள்தான் இருந்தன.

மறுநாள் அவர் மனைவி பவுலினா கூடையோடு இருதயம்மா வேலியில் நின்றாள்.

"ஏ இருதயம், கொஞ்சம் கெழங்கு பச்சையா புடுங்கிக் குடு. எங்க வீட்டுல அவிச்சுக்குறோம்."

குப்பைக் குழியில் கிடந்தது பரவாயில்லையாம், இருதயம்மா சட்டியில் வெந்தால்தான் குற்றமாம். இருதயம்மாவுக்குச் சுருக்கென்றது. பசித்தவளை வெறுங்கையோடு அனுப்பவும் மனசில்லை. பச்சையாகக் கொடுத்துவிட்டால் தன் ஆசை செத்த மாதிரிதான். கிழங்கைப் பிடுங்கினாள். பவுலினா பார்க்கப் பார்க்கத் தோலுரித்துச் சட்டியில் போட்டாள்.

"பச்சையா தர்றதுக்கில்லீங்க கங்காணியம்மா. அடுப்புல ஏத்திட்டேன். பசிச்சா உள்ள வந்து ஒக்காருங்க."

"ஒனக்கு அம்புட்டுத் திமிரா?"

"ஆமாங்க. திமிருதான்."

பவுலினா திட்டினாள், ஆனால் நகரவில்லை. வெந்த வாசனை வேலிவரை வந்தது. மனைவியைத் தேடி வந்த கங்காணி அங்கேயே நின்று ஒரு முறை மூச்சை இழுத்தார். இம்முறை மூக்கைப் பொத்தவில்லை. குனிந்து உள்ளே போய்ச் சாக்கில் சம்மணம் போட்டுவிட்டார்.

"மானங்கெட்ட மனுசன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு பவுலினாவும் பின்னாலேயே நுழைந்தாள்.

இருவரும் கிழங்கை மிளகாய்ச் சம்பலில் தொட்டுத் தலை நிமிராமல் தின்றார்கள். கடைசியில் பவுலினா விரலைச் சப்பிவிட்டுச் சொன்னாள்:

"சம்பலுக்கு உப்புப் பத்தல."

கங்காணி அவசரமாக இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார். எங்கே இருதயம்மா கோபத்தில் சட்டியைத் தூக்கிவிடுவாளோ என்று பயம்.

இருதயம்மாவுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷத்தில் அவள் சமையலை லயத்தில் ஒருவரும் குறை சொன்னதில்லை. தின்றால்தானே சொல்வதற்கு!

"திங்கிறத தின்னுபுட்டு நொட்டை வேற," என்று கங்காணியம்மாவை வாய் நிறையத் திட்டிக்கொண்டே உப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.