கண்ணாடியில் வைத்த பொட்டு

வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே போவதை 2012 ஜூனில் தவறவிட்டால், அடுத்த முறைக்கு நூறு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அவ்வளவு காலம் இருக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. அதனால்தான் அண்ணாமலை நகர் பல்கலைக்கழகப் பட்டறையில் மூன்று வருஷமாக நான் கட்டிய கருவியை, வேனில் பழைய மெத்தைகளுக்கு நடுவே படுக்கவைத்து, திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தேன். அங்கே எங்கள் துறைக்குக் கிழக்கே மரமும் ஹாஸ்டலும் மறைக்கும். இங்கே உதயத்திலிருந்தே சூரியன் தெரியும்.

கருவி என்றால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு வட்டக் கண்ணாடி. சூரியன் நகர நகர அதுவும் மோட்டாரில் மெல்லத் திரும்பும். வெளிச்சத்தை மாடி அறையில் கிடத்தியிருக்கும் குழாய்க்குள் அனுப்பும். சுவரில் மாட்டிய வெள்ளை அட்டையில் சூரியன் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விழும். மோட்டாருக்கு ஸ்கூட்டர் பேட்டரி. அந்த வருஷம் கரண்ட்டை நம்பி யாரும் இட்லிக்குக்கூட மாவு அரைக்கவில்லை. வெள்ளி சூரியனின் விளிம்பைத் தொட்டு வெளியேறும் நேரத்தை நான் குறிக்க வேண்டும். இத்தனை பாடும் அதற்குத்தான்.

சிக்கல் கண்ணாடியில். வீட்டுக் கண்ணாடிக்குப் பூச்சு பின்னால் இருக்கும், இதற்கு முன்னால். அலுமினியப் பூச்சு. விரல் பட்டால் ரேகை விழும், துணி பட்டால் கீறல் விழும். "யாரும் தொடாதீங்க" என்று நான் சொன்ன விதத்தில் பூனைகூட மாடிப்படி ஏறவில்லை.

காலையில் கடல் பக்கம் ஒரே மேகம். வெள்ளி ஏற்கெனவே சூரியன்மேல் ஊர்ந்துகொண்டிருக்கிறது, எனக்கோ வெறும் சாம்பல் வானம். எரிச்சலோடு போய்க் கண்ணாடியின் மூடியைத் திறந்தேன். நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஈரம்கூடக் காயவில்லை.

நான் போட்ட சத்தத்தில் கணவர் வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்தார். பின்னாலேயே அவருடைய அம்மா, என் அத்தை.

"நான்தாம்மா வெச்சேன்," என்றார் அத்தை.

"தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

"தொடலையேம்மா. பொட்டுதான வெச்சேன்."

கணவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். "தொடச்சிடட்டா?"

"ஏங்க, கைய வெச்சீங்கன்னா அவ்ளோதான்!"

துடைத்தால் கீறல். கழற்றிக் கழுவினால், ஒரு வாரமாகத் திருகித் திருகி நிறுத்திய கோணம் போய்விடும். அப்படியே விட்டால், குங்குமத்தில் சுண்ணாம்பு உண்டு. ஈரச் சுண்ணாம்பு அலுமினியத்தைத் தின்னும். நின்று யோசித்தேன்.

மூக்குக்கண்ணாடியில் தூசி இருந்தால் எதிரே வருகிறவர் முகத்தில் அது தெரியாது, பார்வை கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். இந்தப் பொட்டும் அட்டையில் விழாது. ஈரம் பரவாமல் இருந்தால் போதும். வடிகட்டும் தாளின் முனையால் ஈரத்தை மட்டும் ஒற்றி எடுத்தேன். மிச்சத்தை விட்டுவிட்டேன்.

வெகுநேரம் கழித்து மேகம் விலகியது. அட்டையில் சூரியன் விழுந்தது. அதில் ஒரு கறுப்புப் புள்ளி.

"ஐயையோ, என் பொட்டு! சூரியன்லயே தெரியுதே," என்று அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்.

எல்லாம் தெரிந்த எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. பிறகு பார்த்தேன். பொட்டு கண்ணாடியின் நடுவில் இருந்தது, இந்தப் புள்ளி விளிம்புப் பக்கம் இருந்தது. "அதுதான் வெள்ளி, அத்தை." அவர் நம்பவில்லை. சுவரோரம் உட்கார்ந்து கையைக் கூப்பிக்கொண்டார்.

மேகம் வருவதும் போவதுமாக உயிரை வாங்கியது. புள்ளி விளிம்பை நெருங்க நெருங்க நான் கண்ணை இமைக்கவில்லை. தொட்டது. நேரம் குறிக்கும் பொத்தானை அழுத்தினேன். விளிம்பில் ஒரு கடி போலத் தெரிந்து, சிறுத்து, அதுவும் போயிற்று. மறுபடி அழுத்தினேன். அடுத்த நிமிஷம் மேகம் மூடி அட்டை இருண்டுவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

"கெட்டுப்போச்சாம்மா?"

"இல்ல அத்தை. கெடைச்சிடுச்சு."

அத்தை மெல்லச் சொன்னார்: "யாரும் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி வெச்சிட்டுப் போயிடலாம்னு பாத்தேன். நான் வெச்சா ஆவாதுன்னு சொல்லுவாங்க. ஆனா நீ பட்ட பாட்ட நான்தான பாத்தேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா இறந்தபிறகு இந்த வீட்டுக்குப் புது பைக் வந்தது, புது கிரைண்டர் வந்தது. பொட்டு வைத்ததெல்லாம் நான். அத்தை சமையலறை வாசலோடு நின்றுகொள்வார். குங்குமச் சிமிழை அவர் தொட்டே நான் பார்த்ததில்லை.

கீழே போய்ச் சிமிழை எடுத்துவந்தேன். கண்ணாடியைத் தாங்கும் சட்டத்தைக் காட்டினேன். "இங்க வைங்க அத்தை. இது இரும்பு, ஒண்ணும் ஆகாது."

அடுத்த மாடியில் துணி காயப்போட வந்த பெண்கள் இருவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தை அவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குங்குமத்தை எடுத்துப் பெரிதாகவே வைத்தார்.