தேர் திரும்பும் முனையில் ஓர் ஆரஞ்சு போர்டு

கடை போர்டை அளக்கிற வேலையைப் போலத் திட்டு வாங்கித் தருகிற வேலை உலகத்தில் வேறு இல்லை. ஊரறியச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் இன்று தின்ற சோறு எனக்குச் செரிக்காமல் போகட்டும். திருக்கோகர்ணத்தைத் தாண்டி எங்கள் பேட்டை. வர்த்தகர் சங்கம் என் கையில் டேப்பைக் கொடுத்து விதியையும் சொல்லியிருந்தது: போர்டு மாடி ஜன்னலை மறைக்கக் கூடாது, சாக்கடையைத் தாண்டி நீட்டக் கூடாது, அது தேர் வருகிற வீதி. உங்கள் தெருவிலும் பெரிய கம்பெனி கிளை திறந்திருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்கே புரியும்.

காக்காய்க்கு வந்த குழப்பம்

முனைக் கட்டடத்தில் ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஒரு பேக்கரி வந்தது. அதற்கு மேல் மாடியில் டெய்லர் கதீஜா பீவி. இருப்பது ஒரே ஜன்னல். அந்த வெளிச்சத்தில்தான் மெஷின் ஓடும், மெஷின் ஓடினால்தான் அடுப்பு எரியும். அந்த ஜன்னலையே மூடி ஆரஞ்சு போர்டை மாட்டினார்கள். பட்டப்பகலிலும் எரிகிறது. பொழுது சாய்ந்துவிட்டதென்று காக்காய்கள் மத்தியானமே கூட்டுக்குத் திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன்.

மேனேஜர் வெளியூர்ப் பையன். மரியாதையில் குறையில்லை. விதியைப் பொறுமையாகக் கேட்டு, என் கையில் ஒரு பப்ஸையும் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சார், இந்தியா பூரா இதே டிசைன்தான். ஒங்க தெருதான் கொஞ்சம் அனுசரிச்சுக்கணும்."

இல்லாத மாடி

விடுவேனா? அவர்கள் தலைமை ஆபீசுக்கே போன் போட்டேன். காத்திருக்கச் சொல்லி என் காதில் அவர்கள் வாசித்த சங்கீதத்தில் ஒரு கச்சேரியே நடத்தியிருக்கலாம். கடைசியில் லைனில் ஒரு பெண் வந்தார். மாடியில் ஒரு ஜீவன் இருட்டில் உட்கார்ந்து தைக்கிறதென்று சொன்னேன். எதையோ தேடிப் பார்த்துவிட்டு, நிதானமாகப் பதில் வந்தது: "எங்க டிராயிங்ல மாடியே இல்லையே, சார்."

பச்சைத் துணி, நீல நூல்

அந்த ஆரஞ்சு வெளிச்சத்தில் பச்சையும் நீலமும் ஒரே கறுப்பாகத் தெரியும். ஒரு தையலைக்கூடப் பிரித்துத் தைத்தே அறியாத கதீஜா பீவி, ஒரு கல்யாணப் பெண்ணின் பச்சை ரவிக்கையை நீல நூலில் தைத்துவிட்டார். பெண்ணின் அப்பா தச்சர் சின்னையா. தேரோட்டத்தன்று சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர் அவர்தான்.

கதீஜா பீவி தலை நிமிராமல், மெஷினை விற்றுவிட்டு மணமேல்குடியில் இருக்கும் மகளிடமே போய்விடப் போவதாகச் சொன்னார். சின்னையா சண்டை போடவில்லை. ரவிக்கையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். படி இறங்கும்போது என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தேருக்கு இன்னும் எத்தன நாளுண்ணே கெடக்கு?"

தேர் நின்ற இடம்

வருஷா வருஷம் ஒய்யாரமாகத் திரும்புகிற தேர், அந்த முனையில் பேக்கரிப் பக்கமாக ஒதுங்கியது. அதில் குழல் போலத் தொங்குகிற துணித் தொம்பை போர்டில் முட்டியது, நின்றது. தேருக்குப் பின்னோக்கிப் போகத் தெரியாது. வடம் பிடித்த ஊரே போர்டை அண்ணாந்து பார்க்கிறது. மேனேஜரோ கழற்ற அனுமதி கேட்டுத் தலைமை ஆபீசின் சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வடத்தைப் பிடித்திருந்த ஒரு அம்மா சொன்னார்: "தம்பி, சாமி வெயில்ல நிக்கிது. ஏணி அங்கிட்டு கெடக்கு பாருங்க."

தம்பி போனைப் பையில் போட்டார். தேருக்காகக் கரண்ட்டையும் நிறுத்தியிருந்தார்கள். அவரே ஏறி, அவரே கழற்றினார். போர்டு இறங்கியதும் மேலே ஜன்னலில் கதீஜா பீவி, இரண்டு நூல்கண்டுகளை வெயிலில் பிடித்துப் பார்த்தபடி கீழே சின்னையாவிடம்: "அண்ணே, இதுதாண்ணே நீலம்."

ஒரு வருஷம் என் டேப்பும் வாயும் செய்யாததை ஒரு முட்டுக்கட்டை செய்துவிட்டது. அது அன்றைக்கு ஏன் ஒரு சாண் தள்ளி விழுந்ததென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் சொன்னது யாரென்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.