செவிப்பறையில் விழுந்த அறை

கிணறு எனக்கும் அண்ணனுக்கும் பொது. நாள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவோம். அவனுடைய முறை நாளில் நான் ஒரு மணி நேரம் கூடுதலாக மோட்டாரை ஓட்டிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அதற்கு அவன் வரப்பில் வைத்து என்னை அறைந்தான். கன்னத்தில் பட்டிருந்தால் வலியோடு போயிருக்கும். உள்ளங்கை இடது காதை அப்படியே மூடி விழுந்தது. உள்ளே ஏதோ பட்டென்று கிழிந்தது. தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று நாளாகியும் அந்தக் காதில் இரைச்சல்தான். அம்மா சண்டை போட்டு அவனையே என்னோடு அனுப்பினாள். உசிலம்பட்டியிலிருந்து மதுரை வரை பஸ்ஸில் அவன் முன் சீட்டில், நான் கடைசி சீட்டில்.

கோரிப்பாளையத்தில் காது டாக்டரம்மா எப்படி ஆனது என்று என்னிடம்தான் கேட்டார். பதில் சொன்னது அண்ணன். "வண்டியிலருந்து விழுந்துட்டான்."

அவர் என் காதுக்குள் சின்னக் கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். வெங்காயத் தோல் மாதிரி ஒரு ஜவ்வு. அதில் கிழிசல், ஓரத்தில் காய்ந்த ரத்தம்.

"அறை வாங்கினவங்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி இருக்கும். காதுக்குழாய்ல இருக்கிற காத்து மொத்தமா உள்ள போய் இடிச்சிருக்கு," என்றார்.

பிறகு இரண்டு கால் உள்ள ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அது ரீங்கரிக்கும்போதே அடிப்பாகத்தை என் நெற்றியில் வைத்தார். எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது என்றார்.

"இடது காதுல." எனக்கே திகைப்பாக இருந்தது.

அண்ணன் எழுந்துவிட்டான். "பாத்தீங்களா? மூணு நாளா எம்புட்டு நடிப்பு!"

"உக்காருங்க. இது எலும்பு வழியாப் போற சத்தம். ஜவ்வு கிழிஞ்சா வெளிச்சத்தம் குறையும், எலும்புல வர்றது அந்தக் காதுலதான் பெருசாக் கேக்கும். நரம்பு நல்லா இருக்கு. நடிக்கிறவரா இருந்தா நல்ல காதைச் சொல்லியிருப்பார்."

அண்ணன் உட்கார்ந்தான். முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை. "தண்ணிய எடுத்தது யாருன்னு அவனக் கேளுங்க," என்றான்.

காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் கிழிசல் தானாக மூடிக்கொள்ளும் என்று டாக்டரம்மா அனுப்பினார்.

பஸ் ஸ்டாப்பில் அவனைத் திட்டினேன். என் குரலே மண்டைக்குள் முழங்கியது. கத்துகிறேன் என்று நினைத்திருந்தேன்.

"என்னடா முனங்குற? சத்தமாச் சொல்லு," என்றான்.

சொன்னேன். நின்றிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். வந்து நின்ற பஸ்ஸில் அவன் ஏறிப் போனான். நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.

இரண்டு மாதத்தில் கிழிசல் மூடிவிட்டது. கிணற்றடியில் அவன் "டேய்" என்று கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை. இன்னும் காது சரியாகவில்லையா என்று அம்மாவிடம் விசாரித்தானாம்.

"நல்லாக் கேக்குது," என்றேன் அம்மாவிடம். "அத அவன்கிட்டச் சொல்லிரு."