தேதி போட்ட முட்டை

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கடை போர்டு எழுதுவது தொழில்; முட்டைக்குத் தேதி போடுவது கிறுக்கு. வீட்டுக்குப் பின்னால் ஒன்பது கோழிகள். ஃபிரிட்ஜ் கிடையாது.

"முட்டைக்கு எதுக்கும்மா குளிர்? கோழியே ஒரு கோட்டிங் அடிச்சுத்தான் அனுப்புது. அதைக் கழுவித் தொலைக்காம இருந்தா போதும்" என்பார் மாமா.

உலர்ந்த துணியால் துடைத்து, பென்சிலால் தேதி எழுதி, கூர்முனை கீழே இருக்கும்படி உமிக் கூடையில் வைப்பார். பழசு முதலில். கழுவுவது சமைக்கும்போதுதான். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். முட்டைக்குப் போய் இவ்வளவு அலங்காரமா என்று நான் கேலி செய்வேன்.

போன வருடம் பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துவிட்டது. அந்தக் கை இல்லாவிட்டால் அவருக்கு என்ன இருக்கிறது? ஒத்தாசைக்குப் போய்த் தங்கினேன். முட்டைகள் தேதியில்லாமல் கிடந்தன. பென்சிலை எடுத்தேன், அவ்வளவுதான், அக்கா எரிந்து விழுந்தாள்.

"வை கீழே! அது அவர் வேலை."

"எது பழசுன்னு எப்படிக்கா தெரியும்?"

"தண்ணியில போட்டுப் பாரு. மிதந்தா தூக்கிப் போடு. பென்சிலை மட்டும் தொடாதே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில்தான் விஷயம் புரிந்தது. ஒரு முட்டையை அவருடைய இடது கையில் வைத்து, வலது கை விரல்களுக்குள் பென்சிலைச் செருகி, "எழுதுங்க" என்று எதிரில் உட்கார்ந்துவிட்டாள். அழுத்தினால் ஓடு உடைந்தது. தளர்த்தினால் பென்சில் விழுந்தது. உடைந்ததையெல்லாம் கிண்ணத்தில் பிடித்து ஆம்லெட் போட்டாள். மூன்று மாதம் ஆம்லெட்! முட்டையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டியது.

"விடு, இந்தக் கை இனி அவ்வளவுதான்" என்பார் மாமா. அவள் காதிலேயே வாங்கமாட்டாள்.

ஒரு நாள் முட்டை உடையவில்லை. அதன்மேல் கோணல்மாணலாக ஒரு 7. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்கப்புறம் இரண்டு வாரம் மறுபடி உடைசல்தான். அக்கா சமைக்கும்போதெல்லாம் அந்த 7 போட்ட முட்டையை மட்டும் ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்தாள். அதை எடுத்தால் கழுவ வேண்டும்; கழுவினால் எழுத்து போய்விடும். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன, சட்டம் மறந்துபோச்சா? பழசுதானே முதல்ல?"

"இருந்துட்டுப் போகட்டுமே, உங்களுக்கென்ன?"

"கழுவி வேகப் போடு" என்றார் மாமா. "நாளைக்கு வேற எழுதித் தரேன்."

அக்கா அழுதுகொண்டே கழுவினாள்.