ஈயம் போன தவலை

என் அக்கா பாலம்மாளுக்குக் களக்காட்டில் மருந்து வைத்தவள் என்று பேர். சோற்றில் எதையோ கலந்து குடும்பத்தையே சாய்க்கப் பார்த்தாளாம். அந்தப் பேரைக் கொடுத்தவள் அவள் மாமியார் சொர்ணாம்பாள். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. செத்தவர்களைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்வேன்.

நாங்குநேரியிலிருந்து எங்கள் அப்பா அக்காவைக் கட்டிக்கொடுத்தது நிலபுலன் உள்ள சைவ வீடு. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையச் சிவசிவா. சொர்ணாம்பாளின் பக்தி அடுப்படி வரைக்கும் நீண்டது. "நெத்தியில பூசுத சாம்பலை எச்சிப் பாத்திரத்துல போட்டுத் தேய்க்கவா?" என்று கேட்டு, பாத்திரம் துலக்கச் சாம்பலையே தொடக்கூடாது என்றுவிட்டாள். உள்ளும் புறமும் புளிதான், கூடவே செங்கல் பொடி.

அடுப்படியில் நின்றவர்களுக்குத் தெரியும். சாம்பலில் இருப்பது காரம். மிளகாய்க் காரம் இல்லை, உவர்மண்ணில் இருக்கிற காரம். தண்ணீர் பட்டால் வழவழப்பாகி எண்ணெய்ப் பிசுக்கை இழுத்துக்கொண்டு போகும், பாத்திரத்தைக் கடிக்காது. புளிப்பு அதற்கு நேர் எதிரி. இரண்டையும் கலந்தால் நுரைத்து ஒன்றை ஒன்று முறிக்கும். புளி, பித்தளைமேல் படிந்த கறுப்பைத் தின்னும். கறுப்பு தீர்ந்தால் பித்தளையையே தின்னும். தின்று கக்குவதுதான் களிம்பு, வயிற்றுக்குள் போனால் குடலைப் புரட்டும். அதற்காகத்தானே உள்ளே ஈயம் பூசுகிறோம்? வெளியே புளி போட்டுத் துலக்கு, யார் வேண்டாம் என்றது? உள்ளேயும் புளியும் செங்கல் பொடியும் போட்டு நாள் தவறாமல் அரக்கினால் ஈயம் எங்கே நிற்கும்?

பெரிய தவலையில் நிற்கவில்லை. வெள்ளையாக இருந்த உள்பக்கம் மஞ்சளாகப் பல்லை இளித்தது.

"அத்தை, உள்ள ஈயம் போயிட்டு, பித்தளை தெரியுது. ஆளைக் கூப்பிட்டுப் பூசிருவோம்" என்று அக்கா சொன்னாள். திருவாதிரைக்கு ஒத்தாசையாக வந்திருந்த நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஒனக்கு ஒடம்பு வணங்கல, அதான் சாக்குச் சொல்லுத. தையில பூசிக்கிடலாம். ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆயிராது" என்றாள் சொர்ணாம்பாள்.

அது பரிதாபி வருஷத்து மார்கழி. திருவாதிரையன்று விடியற்காலம் தரிசனம் முடிந்து வந்ததும் களியும் ஏழுகறிக் குழம்பும் பரிமாற வேண்டும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே புளியைக் கரைத்துக் குழம்பு வைத்து, அந்தத் தவலையிலேயே மூடிவைத்தோம். அவ்வளவு விருந்தாளிகளுக்கு அதைவிட்டால் வேறு பாத்திரமும் இல்லை.

காலையில் ஆண்கள் சாப்பிட்டார்கள், விருந்தாளிகள் சாப்பிட்டார்கள், மாமியார் சாப்பிட்டாள். வெயில் ஏறுமுன் எல்லாரும் வாந்தி. மாமனார் கண் செருகிக் கிடந்தார். நல்ல வேளை, யாரும் சாகவில்லை.

தெளிந்து எழுந்ததும் சொர்ணாம்பாள் ஆரம்பித்தாள். "எல்லாரும் தின்னோம், எல்லாரும் விழுந்தோம். இவ மட்டும் குத்துக்கல்லு மாதிரி நிக்கா, பாத்தியளா? தனிக்குடித்தனம் போவணும்னு மருந்து வச்சிருக்கா!"

மருமகள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்; அக்காவோடு சாப்பிடலாம் என்று நானும் காத்திருந்தேன். அந்தச் சட்டத்தையே அக்காவுக்கு எதிராகச் சாட்சிக்கு இழுத்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஈயம் போனதைச் சொன்னேனே என்று அக்கா அழுதாள். "எப்பச் சொன்ன? யாருகிட்டச் சொன்ன?" என்று ஒரே சாதிப்பு. அவள் சொன்னதை நான் காதால் கேட்டேன் என்றேன். தங்கச்சி சாட்சி செல்லாதாம், நானும் உடந்தையாம். அத்தான் கைலாசம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுப்படியை எட்டியும் பார்க்காத அந்த ஆண்களுக்குத் தவலைக்குள் இருப்பது ஈயமா பித்தளையா என்று என்ன தெரியும்?

"பிள்ளையை இங்கன விட்டுட்டு அவ நாங்குநேரிக்குப் போவட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார் மாமனார். பால்குடி மறக்காத பெண்பிள்ளை அது.

அக்காவின் அழுகை அந்த இடத்தில் நின்றுவிட்டது. தவலையைக் கழுவிக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். ஒரு மண்சட்டிப் புளித்த மோரை எடுத்து வந்து, பாதியைத் தவலையில் ஊற்றினாள், பாதியைச் சட்டியிலேயே விட்டாள்.

"காலையில பேசுவோம். அதுவரைக்கும் ஒருத்தரும் இதைத் தொடப்படாது" என்றாள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

மறுநாள் சட்டி மோர் வெள்ளையாகவே இருந்தது. தவலை மோர் பச்சைபூத்து, விளிம்பெல்லாம் களிம்பு கட்டியிருந்தது. எல்லாரையும் கூப்பிட்டு, இரண்டிலிருந்தும் ஒவ்வொரு தம்ளர் மொண்டாள். சட்டி மோரைத் தான் குடித்தாள். தவலை மோரை மாமியார் முன்னால் வைத்தாள்.

"ரெண்டும் ஒரே மோருதான் அத்தை. தவலையில குத்தம் இல்லன்னா குடிங்க."

சொர்ணாம்பாள் குடிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் தொண்டையைச் செருமினார்.

"சரி, சரி. ஈயம் பூச ஆள் விடுங்க. பாலம்மா, நீ இங்கனயே இருந்துக்கோ" என்றார். பிச்சை போடுகிற மாதிரி! தப்பு தங்கள்மேல்தான் என்று சொல்ல அந்தக் கூடத்தில் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

அந்த நிமிஷமே அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். பிள்ளையைத் தரமாட்டார்கள், அதனால் அவள் இருந்தாள். ஆனால் அன்று மத்தியானமே, சமைத்து இறக்கியதும் முதல் இலை தனக்குப் போட்டுக்கொண்டாள். சாப்பிட்டுக் கை கழுவிக் கூடத்துக்கு வந்து, "நான் சாப்பிட்டாச்சு, சாகல. இனி நீங்க உக்காருங்க" என்றாள். அதன்பிறகு எந்த வேளையும் அப்படித்தான். விருந்தாளிகள் இருந்தாலும் சொல்வாள். மாமனார் முகம் கறுத்தபடியே இலைமுன் உட்காருவார்.

பிற்பாடு சொர்ணாம்பாள் படுக்கையில் விழுந்தாள். அக்காதான் பீ மூத்திரம் எடுத்தாள், அக்காதான் கஞ்சி கொடுத்தாள். கொடுக்குமுன் அவள் கண்ணெதிரே ஒரு வாய் அண்ணாந்து குடித்துக் காட்டுவாள்.

"போதும்ட்டி, என்னைக் கொல்லாத" என்று ஒருநாள் மாமியார் கண்ணீர் விட்டாள்.

"கொல்ல வந்தவன்னு சொன்னது நீங்கதான் அத்தை" என்றாள் அக்கா. அடுத்த வாயும் அவளே முதலில் குடித்தாள்.